பிளவுண்ட நெஞ்சும் பிளந்த கையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே குடியேறியோரும் அவர்தம் பிள்ளைகளும் ஆக்கிய நாவல்களும் சுயசரிதைகளும் அந்நாட்டு இலக்கியத்தின் தனிக் கிளையொன்றாகச் செழித்துள்ளன. யூதர், சீனர், யப்பானியர், பிலிப்பினோக்கள், இந்தியர் எனப் பல இனத்தாரும் இக்கிளைக்கு உரம் சேர்த்துள்ளனர். இவ்வெழுத்துக்களிலே திரும்பத் திரும்ப வரும் பொருள் ஒன்றுண்டு. வீட்டிலே ஒரு மொழி, வீதியிலே வேறொரு மொழி. தாய் சொன்ன கதை ஒன்று, பாடசாலை சொன்ன கதை மற்றொன்று. பெற்றோருக்குப் பணிந்தால் ஊரிலே அந்நியன், ஊரோடு இணங்கினால் வீட்டிலே அந்நியன். இந்த இரண்டுங்கெட்டான் நிலையிலே தவிக்கும் இளைஞனோ யுவதியோ கதையின் நடுநாயகமாக நிற்கக் காண்கின்றோம்.

இத்தவிப்பை விளக்கப் புகும் விமர்சகர் பலர் 'இரு பண்பாடுகளின் மோதல்' என்ற ஒரே வாய்பாட்டைக் கையாள்வர். கிழக்கு ஒரு புறம், மேற்கு மறுபுறம். பழைமை ஒரு புறம், புதுமை மறுபுறம். இடையே அகப்பட்ட மனிதன் ஒன்றில் இரண்டிலொன்றைத் தெரிய வேண்டும், அல்லது இரண்டையும் இசைத்துக்கொள்ள வேண்டும் என்பர். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆயின் இவ்விளக்கம் அடிப்படையான கேள்வியொன்றை எழுப்பாமலே விட்டுவிடுகின்றது. ஒரு மனிதன் இரண்டு மொழி பேசுவதும் இரண்டு ஊர்களை நேசிப்பதும் இயல்பானவை. உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் அவ்வாறே வாழ்கின்றனர். அவ்வாறிருக்க, அமெரிக்க மண்ணிலே அது நோயாகவும் குற்றமாகவும் மாறியது எங்ஙனம்? நெஞ்சு பிளவுண்டது உண்மை. பிளந்த கை யாருடையது?

இலக்கியத்துக்குச் செல்லுமுன் வரலாற்றிலே ஒரு நிகழ்ச்சியை நோக்குவோம். தக்காவோ ஒசாவா என்பவர் யப்பானிலே பிறந்து இளமையிலேயே அமெரிக்கா சென்றவர். கலிபோர்ணியாவிலே கல்வி பயின்றார். பிள்ளைகளை அமெரிக்கப் பாடசாலைகளுக்கு அனுப்பினார். குடும்பத்தோடு அமெரிக்கத் தேவாலயத்திலே வழிபட்டார். வீட்டிலும் ஆங்கிலமே பேசினார். இவர் பிரசாவுரிமை கோரியபோது அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 1922இல் அதனை மறுத்தது. குடியேறி வந்தோருள் வெள்ளையர் மட்டுமே பிரசைகளாகலாம் என 1790ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. 1870இல் அவ்வுரிமை ஆபிரிக்க வம்சாவளியினருக்கும் நீட்டப்பட்டது. ஆசியரோ வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். ஒசாவா தம் மரபைப் பற்றிக்கொண்டு நின்றதனால் தள்ளப்பட்டவரல்லர். இணங்குவதற்கு வேண்டிய அனைத்தையும் செய்து முடித்த பின்னரே தள்ளப்பட்டார். 'அவர்கள் கலக்க மறுக்கின்றனர்' என்ற குற்றச்சாட்டின் பொருள் யாதென்பதை இவ்வொரு வழக்கே தெளிவாக்குகின்றது. இதனை மனங்கொண்டு சில நூல்களை ஆராய்வோம்.

அன்சியா யெசியேர்ஸ்கா 1925இல் வெளியிட்ட 'பிரெட் கிவேர்ஸ்' என்னும் நாவல் நியூயோர்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியிலே யூத ஏழைகள் நெருக்குண்டு வாழ்ந்த ஹெஸ்டர் வீதியைக் களமாகக் கொண்டது. தந்தை ரெப் ஸ்மொலின்ஸ்கி வேத நூல்களை இராப்பகலாக ஓதுபவர். உழைப்பு அவருக்கு இழிவு. நான்கு பெண் மக்களின் கூலியிலே குடும்பம் நடக்கின்றது. மூத்தவள் பெசியை ஏழைத் தையற்றொழிலாளி ஒருவன் சீதனமின்றியே மணக்க முன்வருகின்றான். அவளது சம்பளத்தை இழக்க விரும்பாத தந்தையோ அவனிடம் பணம் கேட்டு விரட்டுகின்றார். பின்னர் மீன் வியாபாரி ஒருவனிடம் பணம் பெற்று அவளை அவனுக்கே மணம் முடித்துவைக்கின்றார். இதனைக் கண்டு வளர்ந்த கடைக்குட்டி சாரா வீட்டைவிட்டு வெளியேறி, சலவைச்சாலையிலே துணி தேய்த்துப் படித்து ஆசிரியையாகின்றாள்.

மேலோட்டமாகப் பார்ப்போர் இதனைப் பழைமையிலிருந்து விடுபட்டு அமெரிக்கப் புதுமையைத் தழுவிய பெண்ணின் கதை என்று கூறி அமைவர். நாவலோ அவ்வளவு எளிதானதன்று. தந்தையின் ஞானம் மகளிரின் முதுகிலே நிற்கின்றது என்பதை ஆசிரியை முதலிலே காட்டுகின்றார். 'மரபு' என்று நாம் மொத்தமாகப் பேசும் பொருளுக்குள்ளேயே உழைப்போரும் உண்போரும் உள்ளனர் என்பது இதனாற் புலனாகின்றது. அடுத்து, வீட்டைவிட்டு வெளியேறிய சாரா உணவுச்சாலையிலே காசு கொடுத்து உணவு வாங்குகின்றாள். அவளது தட்டிலே விழும் இறைச்சி சிறிது, அடுத்து நிற்கும் ஆணின் தட்டிலே விழுவது பெரிது. பெண்ணுக்குக் குறைவே போதும் என்ற தந்தையின் வேதத்தை அமெரிக்காவும் தன் பாஷையிலே ஓதுகின்றது. இச்சிறு காட்சியொன்றே இரு பண்பாடுகள் என்ற வாய்பாட்டைத் தகர்த்துவிடுகின்றது. பிற்பகுதியிலே சாரா பாடசாலை அதிபர் ஒருவரை மணக்கத் துணிகின்றாள். தளர்ந்த தந்தையைத் தம்முடன் அழைத்து வைத்துக்கொள்ளவும் எண்ணுகின்றாள். வெற்றிக் களிப்போடு கதை முடியவில்லை. தந்தைக்கு முன் சென்ற தலைமுறைகளின் பாரமெல்லாம் தன்மேல் இருப்பதை அவள் உணர்கின்றாள். சமாதானம் என்ற பெயரிலே எதனையும் மூடிவிடாத இந்த நேர்மையே நூலின் பலம்.

ஜேட் ஸ்னோ வொங் 1950இல் வெளியிட்ட 'ஐந்தாவது சீன மகள்' என்னும் சுயசரிதை வேறொரு திசையிலே செல்கின்றது. சான்பிரான்சிஸ்கோவின் சீனர் பகுதியிலே தையற்சாலை நடத்தியவர் இவரது தந்தை. இல்லமும் தொழிற்சாலையும் ஒன்றாகவே இருந்தன. கல்லூரிப் படிப்புக்குப் பணம் கேட்ட மகளுக்கு, ஆண் மக்களின் கல்வியே முதலாவது எனத் தந்தை விடையளிக்கின்றார். அவர் அமெரிக்கர் வீடுகளிலே வேலை செய்து தம் கல்வியைத் தாமே தேடிக்கொள்கின்றார். இறுதியிலே சீனர் பகுதிக் கடையொன்றின் கண்ணாடிச் சாளரத்திலே சக்கரத்தைச் சுழற்றி மட்பாண்டம் வனைகின்றார், வெள்ளையர் கூடி நின்று வியக்கின்றனர், சீனரோ நகைக்கின்றனர். சீனத்தின் நன்மையையும் அமெரிக்காவின் நன்மையையும் தெரிந்தெடுத்து இணைத்துக்கொண்ட வெற்றிக் கதையாக நூல் நிறைவுறுகின்றது.

ஆசிரியை பொய்யெதுவும் கூறவில்லை. தமது அனுபவத்தை ஒளிவுமறைவின்றியே எழுதுகின்றார். படிப்பு முடிந்து உத்தியோகம் தேடுகையில், வெள்ளையர் நிறுவனங்களிலே இன வெறுப்பு உண்டு, சீனர் நிறுவனங்களிலே வேலை தேடிக்கொள் என்று கல்லூரி அலுவலர் ஒருவர் அறிவுரை கூறியதையும் அவர் பதிவுசெய்துள்ளார். ஆனால் தந்தையின் மறுப்பு நூல் முழுவதும் ஒலிக்க, இந்த மறுப்போ சில வரிகளிலே கடந்து போகின்றது. தந்தையோடு வாதாடிய மகள் தொழில் வாயிலைச் சாத்திய சமுதாயத்தோடு வாதாடவில்லை. குடும்பத்தின் கொடுமை பண்பாடாகின்றது. சமுதாயத்தின் கொடுமை தனியொருவர் முயன்று தாண்டவேண்டிய இடையூறாகின்றது. சீனத் தொழிலாளரின் வரவைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் 1943இலேயே நீக்கப்பட்டது என்பதையும், அதன்பின் ஆண்டொன்றுக்கு 105 பேருக்கே இடமளிக்கப்பட்டது என்பதையும் மனங்கொண்டு படிக்கும்போது அந்நூலின் மௌனம் எத்துணை பெரிது என்பது விளங்கும். 1953இல் அமெரிக்க அரசாங்கத்தின் வெளிநாட்டமைச்சு ஆசிரியையை நான்கு மாதச் சுற்றுலாவாக ஆசிய நாடுகளுக்கு அனுப்பிவைத்தது. உலகப் போரின் பின்னர் விழிப்புற்ற ஆசிய மக்களுக்குக் காட்டவேண்டிய அமெரிக்கா எது என்பதிலே அவ்வமைச்சுக்கு ஐயம் இருந்ததில்லை. கண்ணாடிச் சாளரம் அகலமானது அவ்வளவே.

கார்லொஸ் புலொசான் 1946இல் எழுதிய 'அமெரிக்கா நெஞ்சிலே உள்ளது' என்னும் நூலை இதனோடு ஒப்பிடுதல் பயனுடையது. பிலிப்பைன்ஸ் 1898 முதல் அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட நாடு. அங்குள்ள பிள்ளைகள் பாடசாலையிலேயே ஆங்கிலம் கற்றனர். ஆபிரகாம் லிங்கனின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தனர். புலொசானின் நூலிலே குடும்ப மரபு என்பது முதலிலே ஒரு துண்டு நிலமாகும். தமையன் ஒருவனின் படிப்புக்காக அந்நிலம் கைவிட்டுப் போகின்றது. மரபு தேய்ந்தது அமெரிக்க நாகரிகத்தின் கவர்ச்சியால் என்று எவரேனும் கூறினால், கடன்காரனின் கணக்கேட்டை அவர் பார்த்ததில்லை என்றே நாம் கொள்ள வேண்டும். மேற்குக் கரையின் தோட்டங்களிலும் அலாஸ்காவின் மீன் தகரத் தொழிற்சாலைகளிலும் அலைக்கழிந்த அத்தொழிலாளருக்கு அமெரிக்காவிலே குடியிருக்க அனுமதி இருந்தது, பிரசாவுரிமை இல்லை. பழைய ஊருக்குத் திரும்பவோ வெள்ளையர் வாழ்வைப் போலி செய்யவோ புலொசான் வழிகாட்டவில்லை. தொழிற்சங்கத்திலே அவர் புதியதோர் உறவைக் காண்கின்றார். நூலின் சில பகுதிகள் உணர்ச்சி மிகுதியாற் கட்டுக்குலைந்துள்ளன எனினும், இரு பண்பாடுகளுக்கு அப்பால் மூன்றாவது வழியொன்றும் உண்டு என்று காட்டிய பெருமை அதற்கு உரியது.

இவ்வரிசையிலே நாம் முதலிடம் அளிக்க விரும்புவது ஜோன் ஒகாடாவின் 'நோ-நோ பாய்' என்னும் நாவலுக்கே. 1942 பெப்ரவரி 19ஆந் திகதி சனாதிபதி ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட ஆணையின் விளைவாக மேற்குக் கரையிலே வாழ்ந்த யப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 120,000 பேர் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மூன்றிலிரு பங்கினர் அமெரிக்க மண்ணிலே பிறந்த பிரசைகள். 1943இல் முகாமிலிருந்தோருக்கு விசுவாச வினாப் பத்திரம் ஒன்று வழங்கப்பட்டது. படையிலே சேரச் சம்மதமா என்பது ஒரு வினா. யப்பானியச் சக்கரவர்த்திக்கான விசுவாசத்தைக் கைவிட்டு அமெரிக்காவுக்கு முழு விசுவாசம் தெரிவிப்பாயா என்பது அடுத்த வினா. அமெரிக்கப் பிரசாவுரிமை பெறவே முடியாத முதியோர் இரண்டாவது வினாவுக்கு 'ஆம்' என்றால் நாடற்றவராவர். 'இல்லை' என்றால் துரோகிகளாவர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் எமது மலையகத் தோட்டத் தொழிலாளரை எந்நிலைக்கு ஆளாக்கிற்று என்பதை அறிந்த வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரு வினாக்களுக்கும் 'இல்லை' என்றோர் 'நோ-நோ' பையன்கள் எனப் பெயர் பெற்றனர். கட்டாய படைச்சேவையை மறுத்துச் சிறை சென்றோர் வேறு சிலர். இவ்விரு சாராரின் அனுபவத்தையும் இணைத்து இச்சிரோ என்னும் பாத்திரத்தை ஒகாடா படைத்தார். முகாமிலே இரண்டாண்டு, சிறையிலே இரண்டாண்டு கழித்து, இருபத்தைந்து வயதிலே இச்சிரோ சியாட்டில் நகருக்குத் திரும்புகின்றான். தாய் சிறு பலசரக்குக் கடை நடத்துகின்றாள். போரிலே யப்பானே வென்றது, கப்பல் வந்து தங்களை அழைத்துச் செல்லும் என்று அவள் இன்னும் நம்புகின்றாள். தந்தை குடியிலே ஒளிந்துகொள்கின்றார். தமையனின் 'இழுக்கை'த் துடைக்கத் தம்பி பட்டாளத்துக்கு ஓடுகின்றான். வீதியிலே காறி உமிழ்பவன், படைக்குச் சென்று திரும்பிய பழைய நண்பன். யப்பானியனே திரும்பிப் போ என்று ஏளனம் செய்வோருள் நீக்ரோ இளைஞரும் உளர். இச்சிரோவும் அவர்களை மனத்துள்ளே வெறுப்போடு திட்டுகின்றான். மிதிபட்டோர் ஒருவரையொருவர் மிதிக்கும் இக்கொடுமையை ஒகாடா இரக்கத்தின் பேரால் மறைக்கவில்லை.

நாவலின் உயிர்நிலை இச்சிரோவுக்கும் கென்ஜிக்கும் இடையிலான நட்பிலே உள்ளது. கென்ஜி 'ஆம்' என்றவன். அமெரிக்கப் படையிலே போரிட்டுக் காலொன்றை இழந்தவன். எஞ்சிய பகுதியும் அழுகி மெல்ல மெல்ல மரணத்தை நோக்கிச் செல்பவன். இவர்களிலே எவன் அதிர்ஷ்டசாலி என்று இருவரும் தம்முள் எண்ணிப் பார்க்கின்றனர். பண்பாட்டு மோதல் என்ற விளக்கம் மெய்யாயின், அமெரிக்காவைத் தெரிந்தெடுத்த கென்ஜி வாழ்ந்திருக்க வேண்டும். அவனோ மருத்துவமனையிலே இறக்கின்றான். மறுத்தவன் வீதியிலே நாதியற்று நிற்கின்றான். இரு விடைகளும் அழிவிலேயே முடிவதைக் காட்டுவதன் மூலம் வினாவே அநீதியானது என்பதை ஆசிரியர் நிலைநாட்டுகின்றார். இதனை அவர் பிரசங்கமாகச் சொல்லவில்லை. இரண்டு இளைஞரை ஒரே மோட்டார் வண்டியிலே ஏற்றி, அவர்களைப் பேசவிட்டுச் சொல்கின்றார்.

இங்கே ஒரு தடை எழலாம். அனைத்தையும் சட்டத்தின் தலையிலும் பொருளாதாரத்தின் தலையிலும் சுமத்திவிட்டால் மனிதனின் அகவாழ்வு என்னாவது? பிள்ளைக்கும் தாய்க்கும் உள்ள பிணக்கு சட்டம் மாறினால் தீர்ந்துவிடுமா? இக்கேள்வி தட்டிக்கழிக்கத்தக்கதன்று. முற்போக்கு விமர்சகர் சிலர் அகவேதனையைக் குட்டி முதலாளித்துவப் புலம்பல் என ஒரே சொல்லால் ஒதுக்கியதும் உண்டு. அப்போக்கு இலக்கியத்தையும் மனிதரையும் ஒருங்கே சிறுமைப்படுத்துவதாகும். ஒகாடாவே இதற்கு நல்ல விடை. இச்சிரோவின் தாயை அவர் வெறும் பைத்தியக்காரியாக ஆக்கவில்லை. போருக்குப் பின் யப்பானிலே பட்டினி கிடக்கும் சொந்தச் சகோதரியின் கடிதம் வந்து அவளது நம்பிக்கையை நொறுக்குகின்றது. அவள் நீர்த்தொட்டியிலே மூழ்கி இறக்கின்றாள். தன்னை ஒருபோதும் ஏற்காத நாட்டிலே நெடுங்காலம் உழைத்தவளுக்கு, கற்பனை யப்பான் ஒன்றே மானத்தைக் காக்கும் கூரையாக இருந்தது. அவளது பிடிவாதம் மரபின் பிடிவாதமாகத் தோன்றினும் அதனை வார்த்தது புறக்கணிப்பே. அகத்தை ஆழமாகத் தோண்டிய எழுத்தாளன் புறத்தையே சென்றடைகின்றான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1957இல் வெளிவந்த அந்நாவலின் 1,500 பிரதிகளும் ஆசிரியர் உயிரோடிருக்கையில் விற்றுத் தீரவில்லை. அவரது சொந்தச் சமூகமே அதனைத் திரும்பிப் பார்க்கவில்லை. முகாமை மறந்து நல்ல அமெரிக்கராக வாழ விரும்பிய காலம் அது. போர்க்காலத்திலே அமெரிக்கப் படையிற் சேவைசெய்த ஒகாடா, மறுத்தவனின் கதையை எழுதிவிட்டு 1971இல் நாற்பத்தேழாவது வயதிலே மறைந்தார். 1976இல் இளம் ஆசிய அமெரிக்க எழுத்தாளர் சிலர் ஒன்றுகூடி அதனை மறுபதிப்புச் செய்தனர். 1988இலேயே அமெரிக்க அரசாங்கம் சட்டமூலம் மன்னிப்புக் கோரி, எஞ்சியிருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கத் தீர்மானித்தது.

இதற்கிடையே வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1966இல் சமூகவியலாளர் வில்லியம் பீற்றர்சன் நியூயோர்க் பத்திரிகையொன்றிலே எழுதிய கட்டுரையில் யப்பானிய அமெரிக்கரின் குடும்பக் கட்டுப்பாட்டையும் உழைப்பையும் வியந்து போற்றினார். ஏனைய 'பிரச்சினைச் சிறுபான்மையினர்' முன்னேறாதிருக்க இவர்கள் முன்னேறினர் என்றார். நீக்ரோ மக்கள் உரிமைப் போரிலே இறங்கியிருந்த வேளை அது. 1942இலே குற்றமாயிருந்த அதே குடும்ப மரபு இருபத்து நான்கு ஆண்டுகளிலே சான்றிதழாகிவிட்டது. மரபு மாறவில்லை, அதனைப் பயன்படுத்துவோரின் தேவையே மாறிற்று.

1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் பழைய இன ஒதுக்கீட்டை நீக்கியதோடு, தொழிற்றிறன் பெற்றோருக்கு முன்னுரிமையும் அளித்தது. அதன்பின் பெருகிய கற்ற மத்தியதர வர்க்கத்தின் வாழ்வையே ஜும்பா லாஹிரியின் 'த நேம்சேக்' (2003) சித்திரிக்கின்றது. வங்காளத்திலிருந்து சென்ற பொறியியற் பேராசிரியர் ஒருவர், இரயில் விபத்திலிருந்து தாம் உயிர் தப்பியதன் நினைவாக, உருஷிய எழுத்தாளர் கோகோலின் பெயரை மகனுக்குச் சூட்டுகின்றார். மகனோ பதினெட்டு வயதிலே அப்பெயரை நிகில் என மாற்றிக்கொள்கின்றான். திடீரென இறந்த தந்தையின் வாடகை வீட்டைக் காலிசெய்யச் சென்று, அங்கே தனியே இரவைக் கழிக்கும் மகனின் துயரை லாஹிரி மிகையின்றி எழுதியுள்ளார். அப்பகுதியின் கலைத்திறன் மறுத்தற்கரியது. எனினும் ஒன்றைக் கூறியாக வேண்டும். சாராவின் புண் வயிற்றிலும் இச்சிரோவின் புண் குடியுரிமையிலும் இருக்க, கோகோலின் புண் பெயரிலே இருக்கின்றது. வேதனையைப் பெயரளவிலே அனுபவிக்கும் வசதி யாருக்குக் கிடைக்கின்றது, அவரை அந்நாட்டுக்குத் தெரிந்தெடுத்தது எது என்ற கேள்விகள் நாவலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன. இவ்வகைக் கதையே குடியேறியோரின் கதை எனப் பாடத்திட்டங்களிலும் பரிசு மேடைகளிலும் கொள்ளப்படும்போது, தோட்டத்திலும் இறைச்சித் தொழிற்சாலையிலும் உழைக்கும் குடியேறியோர் மீண்டும் ஒருமுறை வெளியேற்றப்படுகின்றனர்.

இந்நூல்களை வகுப்பிலே கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் 'இவன் எந்தப் பண்பாட்டைத் தெரிய வேண்டும்?' என்ற வினாவோடு தொடங்குதல் வழக்கமாக உள்ளது. அது விசுவாச வினாப் பத்திரத்தின் வினாவே என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். தாய்மொழியையும் புதுமொழியையும் ஒருசேர நேசிக்கக்கூடிய பிள்ளையின் முன்னே அவ்வினாவை வைத்தவர் யார், எப்போது வைத்தார், அதனால் யாருக்கு இலாபம் என்று கேட்டுப் படிப்போமாயின், யெசியேர்ஸ்காவின் தட்டிலே விழுந்த இறைச்சித் துண்டும் ஒகாடாவின் கென்ஜி இழந்த காலும் தம் முழுப் பொருளோடு எமக்குத் தென்படும். விற்காத பிரதிகளாய் முடங்கிக் கிடந்த ஒரு நாவலை இளைஞர் சிலர் மீட்டெடுத்தது அவ்வாறு படித்தமையாலேயே. அவ்வாறு படிக்கும் வாசகர் பெருகுவதே இவ்விலக்கியத்துக்கு இன்று வேண்டிய முதற்பணி.